அழுகைக்குப் பேர்போனவள்

கையை மேலே தூக்கிக் கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற நாலு விரலையும் விரித்துக் காட்ட வேண்டும், தோள் வலித்தால் கையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கீழே மட்டும் இறக்கக் கூடாது, இறக்கினால் லியாவ் வீட்டு அம்மாள் சோர்ந்துவிட்டாள், மகள் தோற்கப்போகிறாள் என்று நாங்கள் போவதற்குள் அடுத்த தெருவுக்குச் செய்தி போய்விடும். நாலாம் எண். எங்கள் தைவானில் பல ஆஸ்பத்திரிகளில் நாலாவது மாடி என்று ஒன்று இருக்காது, மூன்றுக்கு அடுத்தது ஐந்துதான், நாலு என்றால் எங்கள் பேச்சில் சாவு என்பது போலக் காதில் விழும், அவ்வளவு ஆகாத எண்ணைப் போய் வேட்பாளர் எண் குலுக்கலில் எடுத்து வந்தாள் என் மகள் யூநிங், எடுத்ததும் அல்லாமல் கேமராவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே காட்டினாள், அந்தத் தைரியம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து என்ன போயிற்று என்று நான் யோசிக்காமல் இருப்பதே நல்லது. திறந்த லாரி குலுங்குகிறது. முன்னால் இருக்கும் ஒலிபெருக்கியில் அவளுடைய பதிவு செய்த குரல், பக்கத்தில் அவளுடைய நிஜக் குரல், இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன, ஓட்டு ஓட்டு என்று. கைக்கு வெள்ளைக் கையுறை, தோளுக்குக் குறுக்கே பெயர் எழுதிய பட்டை. நாளைக்கு வாக்குப்பதிவு. இன்று சாயங்காலம் கடல்தாய் கோயில் முற்றத்தில் கடைசிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நான் என் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழ வேண்டும். காலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் கை தானாகச் செய்கிறது.

காலையில் சோயாப் பாலைக் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் சின்ன வயதிலிருந்தே அவள் முதலில் எதையாவது கொடுப்பாள். "அம்மா, சாயங்காலம் நீ மேடைக்கு வரணும். அப்பா படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்," என்றாள். வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதாம்மா? நீ எப்பவும் செய்யறதுதான்." நீ எப்பவும் செய்யறதுதான். காய் நறுக்குவதைச் சொல்வதைப் போலச் சொன்னாள். அவளுடைய பிரசாரப் பொறுப்பாளர் வெய் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, கொஞ்சம்தான் பின்னால இருக்கோம். ரெண்டு சதவீதம். நீங்க மண்டி போட்டு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், வயசானவங்க ஓட்டெல்லாம் இந்தப் பக்கம் வந்துடும்," என்றான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, நான் முதன்முதலில் மேடை ஏறியபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான், எனக்கு என் கண்ணீரின் சதவீதத்தைச் சொல்கிறான். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. பாலைக் குடித்தேன். சூடாக இருந்தது, நாக்குச் சுட்டுவிட்டது, அதைச் சாக்காக வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். மாட்டேன் என்றால் அவள் தோற்றாலும் தோற்பாள். சரி என்றால் என்னால் முடியுமா என்று தெரியாது. என் கணவர் தெங்குன் போன வசந்தத்தில் இறந்தார், அன்றிலிருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுகைக்குப் பேர்போனவள் நான், நான் நாடாளுமன்றத்தில் இருந்தபோது தொலைக்காட்சிக்காரர்கள் எனக்கு வைத்த பெயரே கண்ணீர் உறுப்பினர் என்பது, அந்தப் பெண்மணிக்குச் சொந்தப் புருஷன் செத்ததற்கு அழ வரவில்லை.

"வலது பக்கம்மா, வலது பக்கம், மீன் கடைக்காரர்!" என்கிறாள் யூநிங். வலது பக்கம் திரும்புகிறேன், மீன் கடைக்காரர் கத்தியைத் தூக்கிக் காட்டுகிறார், அதையே வாழ்த்தாக எடுத்துக்கொள்கிறேன். இதே தெருவில் எத்தனை தேர்தலுக்கு நின்றிருப்பேன். மீன் கடைக்காரரின் அப்பாவும் இதே இடத்தில் இதே கத்தியைத்தான் தூக்கிக் காட்டினார். முதல் தடவை வந்தபோது நான் மேலே பார்க்கவே பயந்தேன். ராணுவச் சட்டம் இருந்த காலம், யார் கை அசைக்கிறார்கள், யார் அசைக்கவில்லை என்று குறித்துக்கொள்ள ஆள் வைத்திருந்தார்கள், ஆகவே ஜனங்கள் கை அசைக்காமல் ஜன்னலுக்கு உள்ளே நின்று தலையை மட்டும் ஆட்டினார்கள். எனக்கு அரசியல் என்ன தெரியும்? தொடக்கப் பள்ளியில் பியானோ வாசித்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தெங்குன்தான் அரசியல், அவர் நடுநிலைப் பள்ளியில் வரலாற்று வாத்தியார், நண்பர்களோடு ஒரு பத்திரிகை நடத்தினார், அரசாங்கம் தடை செய்யும், இவர்கள் வேறு பெயரில் போடுவார்கள், மறுபடி தடை. கடைசியில் பத்திரிகையை விட்டுவிட்டு ஆசிரியரையே தடை செய்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள், ரகசியப் போலீஸ், விடிந்த நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள், அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை, ஒரு வீட்டையே கலைக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கிறார்கள். தெங்குன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மூவரில் பெரியவர், "சாப்பிட்டுட்டே வாங்க சார், அவசரமில்ல," என்றார். இவரும் சாப்பிட்டார்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதுகில் யூநிங்கைக் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன், இந்த மனிதர் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "முள்ளங்கி ஊறுகாய் இன்னும் கொஞ்சம் இருக்கா சூயின்?" என்று கேட்கிறார். எடுத்து வந்து வைத்தேன். அதையும் மென்று முடித்தார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் காலைத் தொட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். கிண்ணத்தில் பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது, அந்த வாயும் வயிறும் காயப் போகிறதே என்று அவர் மனைவி பின்னாலேயே ஓடினாள் என்று சொல்வார்கள். அப்படித்தான் நான் சொன்னேன். பள்ளிக்கூட மைதானத்தில், என் முதல் கூட்டத்தில். வெளியில் மிச்சமிருந்த அவருடைய நண்பர்கள் அரசியல் சட்டத்தைப் பற்றி ஒரு நீண்ட பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார்கள், புருஷன் உள்ளே இருந்தால் பெண்டாட்டி தேர்தலில் நிற்பது அப்போதைய வழக்கம், ஓட்டுச் சீட்டிலும் என் பெயருக்கு முன்னால் அவருடைய குடும்பப் பெயர் லியாவ். மேடையில் ஏறியதும் அரசியல் சட்டம் எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. முன் வரிசையில் அரசாங்கம் அனுப்பிய சாம்பல் சட்டைக்காரர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். கஞ்சி என்று ஆரம்பித்தேன். பாதிக் கஞ்சி என்று ஏன் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, முழுக் கஞ்சி குடித்த மனிதருக்காக யார் அழுவார்கள் என்று என் வாய்க்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன். பாட்டு வாத்தியார்களுக்கு நிறுத்தத் தெரியும், எங்கே மௌனம் விட்டால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். நிறுத்தினேன், அழுதேன், முதுகில் இருந்த யூநிங்கும் வீறிட்டாள், மைதானமே அழுதது. சாம்பல் சட்டைக்காரர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அந்த அழுகை பொய்யில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பொய்யே இல்லை. இரண்டாவது மைதானத்திலும் பொய்யில்லை. அப்புறம் எந்த மைதானத்திலிருந்து அது வேறு ஒன்றாக ஆயிற்று என்றுதான் பிடிபடவில்லை.

பட்டாசு. ஒரு சரம் முழுக்க எங்கள் லாரிக்கு முன்னால் வெடிக்கிறது, புகை தொண்டைக்குள் போகிறது, யூநிங் இருமிக்கொண்டே நன்றி நன்றி என்கிறாள். இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் காதுப் பக்கம் குனிகிறேன். "யூநிங், அந்த மேடை விஷயம்..." என்கிறேன், அவள் ஒரு பல்மருத்துவமனை மாடியைப் பார்த்துக் குதித்துக் குதித்துக் கை அசைக்கிறாள், மாடியில் வாயைத் திறந்தபடியே ஒரு நோயாளி எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார். சரி, கோயில் திருப்பத்துக்குப் போனபின் சொல்லலாம். என் வாழ்க்கையில் முக்கியமாகச் சொல்ல வேண்டியதை எல்லாம் கோயில் திருப்பத்துக்குப் போனபின் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தெங்குன் சிறையில் இருந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் தொலைபேசி. "மேடையில என்ன பேசுற?" என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் என்றேன். "என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு? சர்க்கரை ஆலைத் தண்ணி கால்வாயில கலக்குதே, அதைப் பேசு," என்றார். அதையும் பேசிப் பார்த்தேன், கைதட்டினார்கள், ஆனால் கைக்குட்டையை எடுக்கவில்லை. அடுத்த ஊரில் கஞ்சிக்கே திரும்பிவிட்டேன்.

அவர் விடுதலையாகி வந்த நாளில் ரயில் நிலையத்தில் மேளம், மாலை, நிருபர்கள். கட்டிப்பிடியுங்கள் என்றார்கள், கட்டிப்பிடித்தோம். படம் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவை கட்டிப்பிடித்தோம். அவர் எலும்பும் தோலுமாக இருந்தார், நான் அழுதேன், "போதும் சூயின், எல்லாரும் பாக்கறாங்க," என்று என் காதில் சொன்னார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால்தான் அழுகிறேன் என்று நினைத்தாரோ, எல்லோரும் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாரோ, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் இரவு விளக்கை அணைக்க விடாமல் தரையில் படுத்துக்கொண்டார். யூநிங் அவரை மாமா என்று கூப்பிட்டாள், அப்பா என்பது மேடையில் வைக்கும் படம் அவளுக்கு. பிறகு ஒரு நாள் என் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நானும் பழக்க தோஷத்தில் கஞ்சியை ஆரம்பித்துவிட்டேன், பாதிக் கிண்ணம், ஆவி, நிறுத்தம், கண்ணீர். எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டவர், அவருக்காக ஜனங்கள் விசும்புகிறார்கள், பக்கத்து நாற்காலிப் பெண்மணி அவரையே திரும்பிப் பார்க்காமல் அழுகிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "சூயின், நான் முழுசாக் குடிச்சேனே. ஊறுகாய் வேற கேட்டேன்," என்றார். வரலாற்று வாத்தியார் பாருங்கள், தகவல் பிசகக் கூடாது. "அப்படிச் சொன்னா யாருங்க ஓட்டுப் போடுவா?" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அவரையும் ஒரு தடவை மேடை ஏற்றினோம். இனி நீங்களே நிற்கலாம், உங்கள் இடம்தானே என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள், நானும் மனதாரச் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஜனங்கள் கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர் ஒரு வரைபடத்தை மாட்டி வைத்துக் குச்சியால் கால்வாயைக் காட்டிக் காட்டிப் பேசினார், எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம், மழைக்காலத்தில் யார் வயலில் தண்ணீர் நிற்கும் என்று. நல்ல பேச்சு. முக்கால் மணி நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், சத்தம் போடாமல், சாவு வீட்டிலிருந்து போவது மாதிரி. "பாவம், உள்ள இருந்து மனுஷன் மாறிட்டாரு," என்றாள் ஒருத்தி என் காது படவே. மாறவில்லை அம்மா, அவர் எப்போதும் இப்படித்தான், நான் சொன்னவர்தான் வேறே ஆள் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. அன்று இரவு அவர் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் போட்டுவிட்டு, "நீயே நில்லு சூயின். எனக்காக அழறது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. நான் பேசறது பிடிக்கல," என்றார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எந்த வார்த்தை என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், ஏதோ ஒன்று, தோளில் கை வைத்திருந்தாலே போதுமோ என்னவோ. நான் மறுநாள் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தேன். மறுநாள் இரண்டு கல்யாணம், நாலு சாவு.

எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம். சிறை போனவர்கள் குடும்பத்துக்கு நிவாரணம் வந்தது என்றால் அதில் என் தொண்டைத் தண்ணீர் இருக்கிறது. ஆற்றுக்குப் பாலம் வந்தது, பாலத்தில் அமைச்சர் பெயர்தான் இருக்கிறது, பரவாயில்லை. நாடாளுமன்றத்தில் மேசை மேல் ஏறி அவைத்தலைவரின் ஒலிவாங்கியைப் பிடுங்கினேன், என் ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது, வெளிநாட்டுப் பத்திரிகையில்கூட அந்தப் படம் வந்தது, தெங்குன் அதை வெட்டிக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டிவைத்து, "செருப்பு கிடைச்சுதா?" என்று பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றபடி உறுப்பினர் வேலை என்பது எங்கள் ஊரில் பாதி சாவு வீட்டு வேலை. தொகுதியில் யார் செத்தாலும் போக வேண்டும், ஊதுபத்தி ஏற்றி மூன்று தடவை குனிய வேண்டும், போகவில்லையென்றால் செத்தவரைத் தவிர எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். சாவுக்குக் கூலிக்கு அழ வருகிற பெண்கள் உண்டு, வெள்ளைத் துணி போட்டு, மைக்கைக் கையில் பிடித்துத் தவழ்ந்துகொண்டே அப்பா அப்பா என்று அழுவார்கள். அவர்களில் ஒருத்தியை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது பார்ப்பேன், கடைசியில் சிநேகிதமாகிவிட்டோம், கூடாரத்துக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் அக்கா, நீங்க மட்டும் டிவியில வர்றீங்க," என்பாள். அப்போது அது எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. பழம் இனிப்பாகக்கூட இருந்தது.

கோயில் திருப்பம் வந்து போய்விட்டது. நான் சொல்லவில்லை. இதே லாரியில், அவர் விடுதலையாகி வந்தபின் இரண்டு மூன்று தேர்தலில், கடைசி நாளில் தெங்குனைக் கூட நிற்க வைத்துப் பார்த்தேன், அவருக்கும் வெள்ளைக் கையுறை போட்டுவிட்டேன். மனிதர் பத்து நிமிஷம் ஒழுங்காகக் கை அசைப்பார், பிறகு எங்கேயாவது அடைத்துக்கொண்ட சாக்கடை கண்ணில் பட்டுவிடும், கையை விட்டுவிட்டுக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு வருவார். தலைக்கனம் பிடித்தவர் என்று பேசினார்கள். அதைவிட, அவரைப் பார்த்தால் ஜனங்களுக்குக் குழப்பமாக இருந்தது, நன்றாக இருக்கிற மனிதருக்காகவா இத்தனை அழுதோம் என்று. கட்சியில் யாரோ சொன்னார்கள், யாரோ என்ன, எனக்கே தோன்றியது. "நீங்க இனிமே வீட்டிலயே இருங்களேன், வெயில் வேற," என்றேன். "ஆமாமா. நான் உள்ள இருந்தப்பதான் உனக்கு ஓட்டு அதிகம்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் வீட்டில் சமைத்துக்கொண்டும் சுத்தம் செய்துகொண்டும் இருந்தார், நான் அவருக்காக வெளியில் அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு புதுப் பையன் எனக்கு எதிராக நின்று, அதே கஞ்சியை எத்தனை வருஷம் குடிப்பீர்கள் என்று தொகுதியைக் கேட்டான், ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், நான் தோற்றேன். வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், இன்னும் கொஞ்சம் சாதமா என்பார், போதும் என்பேன். பேச என்னிடம் ஒன்றுமில்லை, கூட்டத்திடம் மட்டுமே எனக்குப் பேசத் தெரியும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் தாதிப் பெண் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை முன்கூட்டியே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நான் அதிலிருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை. அந்தம்மாவுக்கு எவ்வளவு மனத்திடம் என்றார்கள் சிலர், கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர், யூநிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதும். லாரி எங்கள் தெருப் பக்கம் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும். அவளுடைய கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறேன். "யூநிங், இங்க பாரு. சாயங்காலம் நான் மண்டி போட மாட்டேன். அழ மாட்டேன். அப்பா படத்தையும் மேடையில வைக்காத." அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்கிறது, கண் மட்டும் மாறுகிறது. "ஏம்மா? எனக்காகக்கூட மாட்டியா?" என்கிறாள். "உனக்காகத்தான்டி மாட்டேங்கறேன். ஒருத்தர் போதும் இந்த வீட்ல." அவளுக்குப் புரியவில்லை, எனக்கு மட்டும் என்ன தெளிவாகப் புரிந்தா சொன்னேன். "அதுவும் இல்லாம எனக்கு வரலடி. அப்பா போனதிலேர்ந்து ஒரு சொட்டு வரல. இல்லாததை எங்கேர்ந்து எடுக்கறது?" அவள் என்னைப் பார்க்கிறாள். முதுகில் இருந்து வீறிட்ட குழந்தையின் முகம் ஒரு நொடி தெரிகிறது, உதடு கோணி, பிறகு மறைந்துவிடுகிறது. "சரிம்மா," என்கிறாள். "வரலன்னா விடு. தோத்தா தோத்துட்டுப் போறேன்." என் கையைத் தட்டிக்கொடுக்கிறாள், கோபமில்லாமல்தான் தட்டிக்கொடுக்கிறாள். அப்பாடா என்று இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு முழு நாள் ஆயிற்று எனக்கு, நாற்பது வருஷம் ஆயிற்று. தெங்குன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், ராத்திரி என்ன சமைக்கலாம் என்று கேட்டிருப்பார்.

முன்னால் அந்தப் பியானோ இசை கேட்கிறது. குப்பை வண்டி. எங்கள் நாட்டில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது, மஞ்சள் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், எல்லோரும் பையும் கையுமாக வாசலில் காத்திருந்து தாங்களே கொண்டுபோய்ப் போட வேண்டும். தெருவே வெளியில் நிற்கிற நேரம் அது ஒன்றுதான், ஆகையால் புத்தியுள்ள வேட்பாளர் குப்பை வண்டியின் பின்னாலேயே போவார், இந்தத் தந்திரத்தை இந்த ஊரில் ஆரம்பித்ததே நான்தான் என்று பெருமைகூட உண்டு எனக்கு. நாங்களும் பின்னாலேயே போகிறோம். பையோடு நிற்கிறவர்களை எல்லாம் பார்த்துக் கை அசைக்கிறேன், கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டுச் செருப்போடு ஓடி வருகிற பெண்கள். எங்கள் வீடு வருகிறது. வீட்டு வாசலில் யாரும் இல்லை. நான் நின்றதில் கடைசிக்கு முந்தைய தேர்தல் ஞாபகம் வருகிறது. அன்றைக்கும் இப்படித்தான் வந்தேன், இதே வண்டியின் பின்னால், காலையிலிருந்து கத்திக் குரலே போய், வெயிலில் கண் பூத்து, எதிரே தெரிகிற ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். லாரி கொஞ்சம் நின்றது. கீழே ஒரு வயதானவர், இரண்டு கையிலும் குப்பைப் பை, தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். குனிந்து கையுறைக் கையை நீட்டி, "ஐயா, கஷ்டப்படுறீங்க, மறக்காம எனக்கு ஓட்டுப் போடணும், உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்," என்றேன். அவர் ஒரு பையைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்துக் குனிந்தார், ஓட்டுப் போடுகிறவர்கள் குனிகிற மாதிரியே. "கண்டிப்பாப் போடறேம்மா. உடம்பைப் பாத்துக்கங்க," என்றார். லாரி கிளம்பிவிட்டது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, மூலை திரும்பும்போதுதான் என் கைக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பின்னால் இன்னும் தெரு இருந்தது. இரவு வீட்டுக்கு வந்தேன், சாப்பாடு எடுத்து வைத்தார், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் இல்லை, சாகிற வரைக்கும் இல்லை. நானும் இல்லை. என் புருஷனிடம் நான் ஓட்டுக் கேட்டேன். ஐயா என்று கூப்பிட்டேன். அவரும் என்னை வாங்க போங்க என்று பேசினார், யாரோ ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதைப் போல, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

லாரியின் கம்பியைப் பிடிக்கிறேன். என்ன இது, என்ன சத்தம் இது என்று பார்க்கிறேன், என் தொண்டையிலிருந்துதான் வருகிறது, மேடையில் இப்படிச் சத்தம் ஒரு தடவைகூட வந்ததில்லை, இதில் நிறுத்தமில்லை, அழகில்லை, மூக்கு ஒழுகுகிறது. கையுறையால் துடைக்கிறேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருக்கிறது. தெங்குன், நீங்கதான்னு தெரியலங்க. உங்க கைன்னு தெரியல. கீழே யாரோ, "அக்கா அழறாங்க! அக்கா அழறாங்க பாரு!" என்று கத்துகிறார்கள். குப்பைப் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைத் தூக்குகிறார்கள். ஒரு அம்மாள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள், அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், அவரைப் பார்த்து எதிர் வீடு, நாலாம் எண், நாலாம் எண் என்று தெரு முழுக்கக் குரல் எழும்புகிறது. இது உங்களுக்கு இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், இன்னும் பெரிதாகத்தான் அழுகை வருகிறது, இன்னும் பெரிதாகக் கைதட்டுகிறார்கள். யூநிங் என்னைத் தோளோடு அணைத்துக்கொள்கிறாள். அவள் கை இதமாக இருக்கிறது, அவள் கன்னமும் நனைந்திருக்கிறது, என் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். தெருவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி வணங்கியபடியே என் காதோடு சொல்கிறாள், அவ்வளவு சந்தோஷமாக, அவ்வளவு பிரியமாக:

"வந்துடுச்சும்மா. இப்ப வேண்டாம், சாயங்காலத்துக்கு வெச்சுக்கோ."